வளைந்த குழாயும் குளிர்ந்த அறையும்

வீட்டிலே முதியோர் ஒருவர் "குளிருகிறது" என்று சொன்னால், இளையோர் சொல்லும் விடை ஒன்று எப்பொழுதும் ஆயத்தமாக இருக்கும். "வயது போனால் குளிரத்தான் செய்யும், போர்த்துக்கொண்டு படுங்கள்" என்பதே அது. இவ்விடையை நாமும் சொல்லியிருக்கின்றோம். அதுவும் எம்மிலும் மூத்தவரான எம் தமக்கையாருக்கே சொன்னோம். அது எத்துணைப் பிழையான விடை என்பதை அறிந்துகொண்ட வரலாற்றையே இவ்வாரம் வாசகர்களுக்குச் சொல்ல விழைகின்றோம். அதனோடு, பலரும் கண்ணாற் காணாத ஒரு குழாயின் இயல்பையும் விளக்குவோம்.

எம் தமக்கையார் கனடா தேசத்திலே, ரொறன்ரோ மாநகரின் ஸ்காபரோப் பகுதியில், மகனுடைய குடும்பத்தோடு வாழ்கின்றார். 1983-ம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் நம்மவர் பல்லாயிரவர் சென்று குடியேறிய இடங்களுள் அது முதன்மையானது. வீட்டின் முன்புறத்தில், மோட்டார் வண்டி நிறுத்தும் கராஜுக்கு நேர் மேலே உள்ள அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். சென்ற மாரிகாலத்தில் ஒருநாள் தொலைபேசியிலே அவர் குறைப்பட்டுக்கொண்டார்.

"தம்பி, இந்த வீட்டிலை மற்ற அறையெல்லாம் நல்ல கணகணப்பு. என்ரை அறை மட்டும் விறைக்குது. இவன் மோனுக்குச் சொன்னால், 'உங்களுக்கு வயது போட்டுது அம்மா' எண்டு சிரிக்கிறான்."

"அக்கா, அங்கை குளிர் கடுமைதானே? இரண்டு கம்பளியாய்ப் போர்த்துக்கொண்டு படுங்கோ" என்று நாமும் சொல்லிப் பேச்சை முடித்துவிட்டோம்.

நல்ல வேளையாக, உயர்தர வகுப்பில் பௌதிகம் பயிலும் பேரன் ஒருவன் அவ்வீட்டில் இருக்கின்றான். அவன் சிரிக்கவில்லை, இரண்டு வெப்பமானிகளை எடுத்துவந்து ஒன்றைக் கூடத்திலும் மற்றொன்றைப் பாட்டியாரின் அறையிலும் வைத்தான். கூடத்திலே 21 பாகை செல்சியஸ். பாட்டியாரின் அறையிலே 15 பாகை. குளிர் பாட்டியாரின் வயதில் இல்லை, அறையிலேயே இருந்தது என்பது அக்கணமே தெளிவாயிற்று.

சூடு எவ்வாறு அறைக்கு வருகின்றது?

ரொறன்ரோவிலே மாரியில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைக்கும் இறங்கும் நாட்கள் உண்டு. அங்குள்ள வீடுகள் பெரும்பாலானவற்றில் நிலவறையிலே வாயுவால் எரியும் உலை ஒன்று இருக்கும். உலையில் எரியும் வாயு வேறு. வீட்டுக்குள் உலாவும் காற்று வேறு. இடையிலே நிற்கும் உலோகச் சுவர் சூடேறி, அதனைத் தொட்டுச் செல்லும் வீட்டுக் காற்றைச் சூடாக்கும். எரிந்த புகை தனிக் குழாயினால் வெளியே போய்விடும். சூடான காற்றை ஒரு பெரிய விசிறி தள்ள, அது தகரத்தாற் செய்த அகன்ற குழாயொன்றிற் புகுந்து, மரத்தின் அடிமரத்திலிருந்து கிளைகள் பிரிவதுபோலக் கிளைக் குழாய்களிற் பிரிந்து, ஒவ்வோர் அறையின் தரையிலும் உள்ள துளைத்தட்டு வழியாக வெளிவரும். அறையிலே குளிர்ந்த காற்று வேறு வழியாக உலைக்கே மீண்டும் செல்லும். கோடையில் அதே குழாய்களினூடாகவே குளிரூட்டிய காற்றும் வரும். எனவே, உலையை வீட்டின் இதயம் எனலாமாயின், இக்குழாய்களை நாடிகள் எனலாம்.

நாடியில் அடைப்பு இருக்கையில் இதயத்தை மாற்றுவார் உளரோ? ஆயினும், அவ்வீட்டுக்கு முதலில் வந்த விற்பனையாளர் ஒருவர், "உங்கள் உலை சிறியது, பெரியதாக வாங்குங்கள்" என்று பல ஆயிரம் டொலர் விலை சொல்லிப் போய்விட்டார். இரண்டாவதாக வந்தவர் முதிர்ந்த கைத்தொழிலாளி. அவர் உலையைப் பார்க்குமுன் பாட்டியாரின் அறைக்குச் சென்று, துளைத்தட்டின் மேலே உள்ளங்கையை விரித்துப் பிடித்தார். "இங்கே காற்றே வரவில்லையே, உலை என்ன செய்யும்?" என்றாராம். பிறகு கராஜின் கூரைத்தட்டிலே ஓர் ஓட்டையை வெட்டி, உள்ளே விளக்கைச் செலுத்தினார். அங்கே கிடந்ததுதான் இக்கட்டுரையின் நாயகனாகிய வளைகுழாய்.

வளைகுழாய் என்பது யாது?

தகரக் குழாய் உறுதியானது, உட்புறம் வழுவழுப்பானது. ஆனால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் அதனை அளந்து, வெட்டி, மடித்துப் பொருத்தவேண்டும். அது காலமும் கூலியும் கேட்கும் வேலை. இத்தொல்லையைக் குறைக்கவே வளையத்தக்க குழாய் வழக்கிற்கு வந்தது. தொழிலாளர் இதனை 'பிளெக்ஸ்' என்று சுருக்கமாக அழைப்பர்.

இதன் உடம்பிலே மூன்று பாகங்கள் உள. முதலாவது உட்குழாய்: மெல்லிய பிளாஸ்திக்குப் படலங்கள் இரண்டினிடையே சுருளாக ஓடும் உருக்குக் கம்பி. அக்கம்பியே குழாய் சப்பளியாது வட்டமாக நிற்க உதவுகின்றது. இரண்டாவது, அதனைச் சுற்றிய கண்ணாடி நார்ப் போர்வை. இது வெப்பக் காவலி. சூட்டை வெளியேயும் குளிரை உள்ளேயும் விடாது காக்கும். மூன்றாவது, நீராவி புகாதபடி எல்லாவற்றையும் மூடும் மேலுறை. காவலியின் வலிமையை 'ஆர்' என்னும் எண்ணால் குறிப்பர். ஆர்-6, ஆர்-8 என்பன வழக்கில் உள்ளவை; எண் பெரிதாயின் காப்பும் பெரிதாகும்.

இக்குழாய் பெரும்பாலும் 25 அடி நீளத் துண்டாக, நன்றாக அமுக்கப்பட்டு, ஒரு சிறு பெட்டியில் அடைத்து விற்கப்படுகின்றது. ஒருவர் தனியே தோளில் தூக்கிச் செல்லலாம்; விட்டங்களுக்கு இடையே நுழைக்கலாம்; கத்தியால் வெட்டலாம். அன்றியும் தகரத்தைப்போல் விசிறியின் ஓசையை அறைக்குக் கடத்துவதில்லை. இத்தனை நன்மைகளும் உண்மையானவையே. ஆனால் இவற்றுக்கெல்லாம் காரணமான அந்த வளையும் குணமே, அசட்டையாகப் பூட்டியவிடத்துப் பெருங் குற்றமாகின்றது.

மடிந்த குழாயில் நீர் வருமா?

யாழ்ப்பாணத்து வெங்காயத் தோட்டத்திலே நீரிறைக்கும் இயந்திரம் ஓடுவதைக் கண்டவர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. கிணற்றடியில் இயந்திரம் முழங்குகின்றது. கடைசிப் பாத்தியிலே நீர் சொட்டுகின்றது. இயந்திரத்தைக் குறை சொல்லுமுன் தோட்டக்காரர் குழாய் போகும் வழியே நடந்து பார்ப்பார். எங்கோ ஓரிடத்தில் அது மடிந்து கிடக்கும். காலால் தட்டி நேராக்கியதும் நீர் பாய்ந்து வரும். காற்றும் அவ்வாறே பாயும் பொருள்தான். வேற்றுமை ஒன்றே: நீர் வராவிட்டாற் கண்ணுக்குத் தெரியும், காற்று வராவிட்டால் உடம்புக்குத்தான் தெரியும்.

இனி, மாணவர்களுக்காகச் சிறிது கணக்கு. குழாயினூடாகக் காற்றைச் செலுத்த அமுக்கம் வேண்டும். உட்சுவரின் உராய்வும் திருப்பங்களும் அவ்வமுக்கத்தை உண்டுவிடும். வளைகுழாயை நன்கு இழுத்து நீட்டினால் உட்சுவர் ஏறத்தாழச் சமமாகும். இழுக்காது தளரவிட்டாலோ, அது துருத்தியின் மடிப்புகள்போலச் சுருங்கி, ஒவ்வொரு மடிப்பிலும் காற்று மோதிச் சுழன்று கொந்தளிக்கும். கலிபோர்னியாவிலுள்ள லோறன்ஸ் பேர்க்லி தேசிய ஆய்வுகூடத்தார் இதனை அளந்து 2002-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். வளைகுழாய் சுருங்கிக் கிடப்பதால் அமுக்க இழப்பு ஒன்பது மடங்குவரை கூடலாம் என்பது அவர்கள் கண்டது.

இத்தகைய குழாய்களில் அமுக்க இழப்பு, காற்றின் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏறத்தாழ விகிதசமமாகும். ஆகவே, விசிறி தரும் அமுக்கம் மாறாதிருக்க, குழாயின் தடை ஒன்பது மடங்கானால், அறைக்கு வரும் காற்று மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். குழாயின் விட்டமும் அவ்வாறே. ஒரே அளவு காற்றைச் செலுத்தும்போது, உராய்வால் உண்டாகும் இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏறத்தாழ நேர்மாறாகும். 8 அங்குலக் குழாய் வேண்டிய இடத்தில் 6 அங்குலக் குழாயைப் போட்டால் இழப்பு நான்கு மடங்குக்கு மேலாகின்றது. "இரண்டு அங்குலந்தானே" என்று சொல்லிவிட முடியாது.

கூரைத்தட்டினுள் கண்டது

பாட்டியாரின் அறைக்குக் குழாய் செல்லவேண்டிய தூரம் 12 அடி. அங்கே கிடந்ததோ 25 அடிக் குழாய் முழுவதும்! வெட்டுவதற்குச் சோம்பிய எவரோ மிஞ்சியதை உள்ளே தள்ளி மூடிவிட்டார். அது இரைவிழுங்கிய பாம்புபோலச் சுருண்டு, ஒரு விட்டத்தின் மேலாக மடிந்து, நடுவிலே தொய்ந்து கிடந்தது. பொருத்திலே சுற்றிய ஒட்டுநாடா கழன்றுபோக, வந்த சிறிது சூடும் அங்கேயே கசிந்தது. பாட்டியார் விறைக்க, கீழே நின்ற மோட்டார் வண்டி குளிர்காய்ந்துகொண்டிருந்தது.

தொழிலாளி மிஞ்சிய குழாயை வெட்டி எறிந்தார். எஞ்சியதை நேராக இழுத்து, தாங்கிகள் கொடுத்து, பொருத்துகளை முறைப்படி இறுக்கினார். பின்னர் கூரைத்தட்டின் ஓட்டையை ஒரு கீறலும் இல்லாது அடைத்தார். கராஜிலே வண்டி விடும் புகையில் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு உண்டு. அது மேலறைக்குள் புகுதல் உயிருக்கே கேடாகும். அவ்வடைப்பு அழகுக்காகச் செய்ததன்று. அரை நாளில் வேலை முடிந்தது. மறுநாள் காலை அவ்வறையின் வெப்பமானி 20 பாகையைக் காட்டியது. புது உலை வாங்கப்படவில்லை.

பூட்டும் முறை

இக்குழாய் உள்ள வீட்டிலே வாழ்வோரும், இத்தொழிலைப் பயிலும் இளைஞரும் மனத்திற் கொள்ளவேண்டியவை சில.

முதலாவது: குழாயை முழுவதும் இழுத்து நீட்டி, மிஞ்சியதை வெட்டிவிடவேண்டும். "பிறகு உதவும்" என்று உள்ளே விட்டுவைப்பது பிறகு ஒருநாளும் உதவாது.

இரண்டாவது: நாலடிக்கு ஒரு தாங்கியாவது இருத்தல் வேண்டும். இரு தாங்கிகளுக்கிடையே, அடி ஒன்றுக்கு அரை அங்குலத்துக்கு மேல் தொய்தல் ஆகாது. தாங்கும் பட்டி ஒன்றரை அங்குலமாவது அகன்றிருக்கவேண்டும். மெல்லிய கம்பியாற் கட்டினால், அது குழாயின் கழுத்தை நெரித்துவிடும்.

மூன்றாவது: திருப்பம் வேண்டுமிடத்தில், வளைவின் ஆரை குழாயின் விட்டத்துக்குக் குறையலாகாது. அதனிலும் கடுமையான திருப்பத்துக்குத் தகர முழங்கையைப் பொருத்துவதே நன்று.

நான்காவது: பொருத்துகள். உட்குழாயைத் தகரக் கழுத்திலே செலுத்தி, பசை பூசி, பட்டியால் இறுக்கவேண்டும். அதன்மேல் காவலியை இழுத்து, மேலுறையையும் தனியே இறுக்கவேண்டும். ஒட்டுநாடா என்றவுடன் பலரும் எடுப்பது 'டக்ட் டேப்' எனப்படும் துணிநாடா. 'டக்ட்' என்றாற் காற்றுக் குழாய். குழாயின் பெயரையே அது தாங்கியிருக்கின்றது. எனினும், மேற்சொன்ன ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மக்ஸ் ஷேர்மன், இயன் வோக்கர் என்னும் அறிஞர்கள் 1998-ம் ஆண்டில் பலவகை ஒட்டுப்பொருள்களைச் சூட்டிலும் குளிரிலும் சோதித்தபோது, குழாய்ப் பொருத்துகளில் நிலைக்காது தோற்றது அத்துணிநாடாவே. பெயரை நம்பிப் பொருளை வாங்குதல் கூடாது என்பதற்கு இதனிலும் நல்ல சான்று வேண்டுமோ? அமெரிக்க அரசின் கணிப்பின்படி, அந்நாட்டுச் சாதாரண வீடொன்றிலே குழாய்களிற் செல்லும் காற்றில் 20 முதல் 30 வீதம்வரை கசிவுகளாலும் சீரற்ற பொருத்துகளாலும் வீணாகின்றது.

ஐந்தாவது: காற்று உள்ளே வரவேண்டுமாயின் உள்ளிருக்கும் காற்று வெளியேற வழி வேண்டும். கதவை இறுகச் சாத்திய அறையில், மீளும் வழி வேறு இல்லாவிடின், குழாய் நேராக இருந்தும் பயன் குறையும். கதவின் கீழே சிறிது இடைவெளி விடுவது இதற்காகவே.

நம் நாட்டுக்கு இது எதற்கு?

"எங்கள் நாட்டில் வீட்டைச் சூடாக்குவார் யார்?" என்று வாசகர்கள் வினவலாம். சூடாக்குதல் இல்லாவிடினும் குளிராக்குதல் உண்டன்றோ? நம் வீடுகளில் உள்ள குளிரூட்டிகளிற் பெரும்பாலானவை குழாய் வேண்டாதவை. ஆனால் பெரிய அலுவலகங்களிலும் விடுதிகளிலும் கூரைத்தட்டுக்கு மேலே வளைகுழாய்கள் மறைந்து ஓடுகின்றன. அங்கே வேறோர் ஆபத்து உண்டு. 30 பாகை வெப்பமும் 75 வீத ஈரப்பதனும் உள்ள நம் காற்றின் பனிபடுநிலை ஏறத்தாழ 25 பாகை. குழாயினுள்ளே செல்லும் காற்றோ 13 பாகையளவில் இருக்கும். மேலுறை ஓரிடத்திற் கிழிந்தாலும் ஈரக்காற்று உள்ளே புகுந்து, குளிர்ந்த உட்குழாயிற் பட்டு நீராகிவிடும்; பனிக்கட்டி இட்ட குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதைப்போல. நனைந்த நார்ப் போர்வை காவலியாகாது; பூஞ்சணத்துக்கே வீடாகும். கூரைத்தட்டிற் பழுப்பு நிறக் கறையைக் கண்டு ஓட்டைக் குறை சொல்லுமுன், மேலே ஏறிக் குழாயின் உறையைப் பார்த்தல் நன்று.

கொழும்பு மாடிமனைகளில், சமையலறை அடுப்பின் மேலே புகை உறிஞ்சும் விசிறியிலிருந்து பளபளக்கும் அலுமினிய வளைகுழாய் வெளியே செல்வதையும் பலர் கண்டிருப்பீர்கள். தாளிதப் புகையிலுள்ள எண்ணெய் அதன் மடிப்புகளிலே படியும். படிந்தது தீப்பற்றக் கூடியது. அங்கே வழுவழுப்பான உலோகக் குழாயே தக்கது. வளைகுழாயைத் தவிர்க்க முடியாவிடின் அது குறுகியதாகவும் நேரானதாகவும் இருக்கட்டும். எதுவாயினும் அது சுவருக்கு வெளியே திறக்கவேண்டும். கூரைத்தட்டுக்குள் புகையை விட்டு முடித்தல் ஆகாது. குளியலறை விசிறிக்கும் இதே விதிதான்.

உதவாத இடங்கள்

வளைகுழாய் எவ்விடத்தும் பொருந்தும் என்று எண்ணுவது பேராபத்து. வாயு எரியும் உலையின் அல்லது நீர்சூடாக்கியின் புகை வெளியேற இதனை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. துணி உலர்த்தும் பொறியின் பின்புறத்திலும் மெல்லிய பிளாஸ்திக்குக் குழாயோ தகட்டுப் படலக் குழாயோ கூடாது. பஞ்சுத்தூள் அவற்றின் மடிப்புகளிற் சேர்ந்து தீப்பற்றும். 2008 முதல் 2010 வரையான ஆண்டுகளில் அமெரிக்க வீடுகளில், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,900 தீவிபத்துகள் துணி உலர்த்தும் பொறிகளால் நேர்ந்தன என்று அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் கணக்கிட்டது. பொறியைச் சுத்தஞ் செய்யாமையே அவற்றுக்கு முதற் காரணமாயிற்று. வெளிநாடுகளில் உறவினர் உள்ளோர் இவ்வொரு செய்தியையாவது அவர்களுக்குச் சொல்லுவார்களாக.

மாணவர்கள் இவற்றை எம் சொல்லுக்காக நம்பவேண்டியதில்லை. வீட்டுத் தோட்டத்துக் குழாயை எடுத்து, அதனை நேராக நீட்டி ஒரு வாளி நிரம்ப எத்தனை விநாடி செல்லும் என்று அளந்து பாருங்கள். பின்பு பல சுற்றாகச் சுருட்டிவைத்து அளவுங்கள். மூன்றாவதாக, ஓரிடத்திற் பாதி மடித்து அளவுங்கள். மூன்று எண்களையும் கொப்பியில் எழுதினால், பல பக்கப் பாடம் அம்மூன்று வரிகளிலேயே விளங்கும்.

சென்ற கிழமை தமக்கையார் மீண்டும் பேசினார். "இப்ப நல்ல கணகணப்பு, தம்பி. கம்பளியைப் பேரன் எடுத்துக்கொண்டு போட்டான்" என்றார். நாம் மன்னிப்புக் கேட்டோம். "வயது போனது உண்மைதானே, ஆனால் குளிருறது எண்டால் குளிருறதுதான்" என்று சிரித்தார்.

முதியோர் ஒருவர் ஓரறையைக் குறை சொன்னால், அவருடைய வயதைக் கணக்கெடுக்குமுன் காற்று வரும் வழியிலே கையை வைத்துப் பாருங்கள். அதற்கு ஒரு சதமும் செலவாகாது.